தாடி ஐரிஸ் பிரித்தல், பகிர்தல்: தோண்டும் காலம், கிழங்குப் பரிசோதனை, பெயர்ச் சீட்டு

பின்வளவு | ஸ்காபரோ

வணக்கம். வாசலில் உள்ள தாடி ஐரிஸ் (தொங்கும் இதழில் தாடி மாதிரி மயிர் உள்ள பூச்செடி) பத்தைகள் இறுகிப்போய்க் கிடக்கு. நடுவில் இலையில்லாத பழைய கிழங்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்குது, ஓரத்தில் மட்டும்தான் இலை விசிறி. இந்த ஜூனில் பூத்தண்டு மிகக் குறைவு. களிமண், காலை பதினொரு மணிக்குப் பிறகு நல்ல வெயில். ஆகஸ்டில் எங்கட பக்கத்து ஆட்கள் செடி மாற்றிக்கொள்கிற நாள் ஒன்று வருது, அதுக்கும் கொஞ்சம் கொண்டுபோக விருப்பம். எப்ப தோண்டலாம்? எந்தக் கிழங்கைக் கொடுக்கலாம், எதை எறியிறது? சிலது ஊதா, சிலது மேலே மஞ்சள் கீழே மண்ணிறம். பெயர் ஒன்றும் தெரியாது.

மண்வெட்டி | ஹமில்டன்

ஜூலை நடுப்பகுதி தொடக்கம் ஆகஸ்ட் முடிவு வரை உங்கட காலம். பூத்து முடிந்து நாலு முதல் ஆறு கிழமையில் பக்கக்கன்றுகள் கைக்கு அகப்படுகிற அளவுக்குத் திரண்டுவிடும், வெயிலில் செடியும் சற்று ஓய்ந்திருக்கும். வெட்டுவாய் காய்வதற்கும் அந்த வறண்ட நாட்கள்தான் நல்லது. நிலம் உறைய முன் வேர் பிடிக்கக் குறைந்தது ஆறு கிழமை வேணும். செப்டெம்பர் கடைசியில் நட்டால் கிழங்கு மண்மேல் சும்மா படுத்திருக்கும். மார்ச்சில் மண் உறைஞ்சு இளகி உறைஞ்சு இளக, அது வெளியே தள்ளுப்பட்டுவிடும். பிந்தித்தான் நட வேண்டி வந்தால் பக்கத்தில் இரண்டு கல்லைப் பாரமாக வையுங்கோ.

பத்தையின் ஓரத்தில் இருந்து ஒரு சாண் தள்ளி முள்ளுமண்வெட்டியை இறக்கிச் சுற்றிவர நெம்பினால் முழுப்பத்தையும் ஒரே தட்டாக வரும். மண்ணை உதறி, ஹோஸ் தண்ணியால் கழுவுங்கோ. கழுவாமல் எதையும் பரிசோதிக்க ஏலாது.

இப்ப எது எது என்று பாருங்கோ. இந்த வருசம் பூத்த தண்டின் கட்டை ஒட்டிக்கொண்டிருக்கிற கிழங்கு தாய். அது இனிப் பூக்காது, ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். அதன் இரு பக்கத்திலும் விசிறியோட நிற்கிறவைதான் வருங்காலப் பூ. பெருவிரலை விடத் தடிப்பாக, அமத்தினால் இறுக்கமாக, அடியில் வெள்ளை வேரோட இருக்கிறதைத் தெரிவு செய்யுங்கோ. மூட்டில் பிடித்து முறித்தால் அநேகமாகக் கையோடு வரும். வராத இடத்தில் மட்டும் கத்தி. பிறகு இலையை 15 சென்ரிமீற்றருக்கும் வேரை 8–10 சென்ரிமீற்றருக்கும் வெட்டிவிடுங்கோ. இலையைக் குறைப்பது அழகுக்கில்லை. வேர் பாதி போன செடி முழு இலைக்கும் தண்ணி ஏற்ற ஏலாது, உயரமான விசிறி காற்றுக்கு ஆடிப் புதுவேரையும் அறுத்துவிடும்.

நடுவில் உள்ள இலையில்லாக் கிழங்குகளை எறியலாம். அரிய வகை என்றால் மட்டும் ஒரு மூலையில் நட்டு வையுங்கோ. உறங்குகண் முளைத்துச் சின்ன விசிறி வரும், பூக்க இரண்டு மூன்று வருசம் ஆகும். மாற்ற நாளுக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. வாங்கிறவர் வருசக்கணக்கில் பூவைப் பார்க்காமல் ஐரிஸையே வெறுத்துவிடுவார்.

எடிசன் தோட்டம் | நியூ ஜெர்சி

மண்வெட்டி அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனா நம்ம பக்கத்துல முதல்ல பேச வேண்டியது துளைப்பான் புழு. ராக்கி மலைக்குக் கிழக்கே ஐரிஸ் கொடுக்கிறவங்க எல்லாரும் இதைத் தெரிஞ்சுக்கணும், ஏன்னா பகிர்தல்லதான் இது புதுத் தோட்டத்துக்குள்ள நுழையுது.

இதோட சுற்று இப்படி. செப்டம்பர், அக்டோபர்ல பழுப்பு நிற அந்துப்பூச்சி வந்து பழைய காய்ஞ்ச ஐரிஸ் இலையிலயும் பக்கத்துக் குப்பையிலயும் முட்டை போடும். முட்டை அங்கேயே குளிர்காலத்தைக் கழிச்சு ஏப்ரல் கடைசி, மே வாக்கில பொரிக்கும். நூல் மாதிரி இருக்கிற குஞ்சுப்புழு இலையில ஊசித்துளை போட்டு உள்ள போய், இலைக்குள்ளேயே கீழ இறங்கும். போற வழியெல்லாம் ஈரமான கோடு, இலை ஓரத்துல ரம்பப்பல் மாதிரி கடி. ஜூலைல கிழங்குக்குள்ள. அப்ப அது நாலு அஞ்சு சென்டிமீட்டர் நீளம், வெளிறிய இளஞ்சிவப்பு உடம்பு, தலை செம்பழுப்பு. பெரும்பாலும் ஒரு கிழங்குல ஒண்ணுதான் இருக்கும், ஒண்ணையொண்ணு தின்னுடும். ஆகஸ்ட்ல கிழங்கை விட்டு வெளியேறிப் பக்கத்து மண்ணுல கூட்டுப்புழுவா மாறும்.

அதனால ஜூலைல தோண்டினா புழு கிழங்குக்குள்ள, ஆகஸ்ட் கடைசில தோண்டினா மண்ணுக்குள்ள. ரெண்டு இடத்தையும் பாருங்க. கழுவின கிழங்கைத் திருப்பிப் பார்த்து, துளையோ மரத்தூள் மாதிரி எச்சமோ தெரிஞ்சா அதைக் கொடுக்கிற குவியல்ல போடவே கூடாது. கத்தியால பிளந்து புழுவை எடுத்து நசுக்குங்க. மீதி நல்லா இருந்தா அழுகின பாகத்தை வெட்டிட்டு உங்க தோட்டத்துல நடலாம். தோண்டின குழியில மண்ணைக் கிளறி, செம்பழுப்பா, ரெண்டரை மூணு சென்டிமீட்டர் நீளத்துல கூடு கிடைச்சா அதையும் நசுக்கணும்.

தடுப்பு எளிசு, ஆனா யாரும் செய்யறதில்லை: நல்ல உறைபனி ரெண்டு மூணு தடவை விழுந்த பிறகு, அந்துப்பூச்சி காலம் முடிஞ்சதும், காய்ஞ்ச இலை முழுக்க எடுத்துக் குப்பையில போடுங்க. கம்போஸ்ட்ல வேண்டாம். அப்ப முடியலன்னா ஏப்ரல் நடுவுக்குள்ள. மே மாசம் வாரம் ஒருமுறை விசிறிகளைப் பாருங்க, ஈரக் கோடு தெரிஞ்ச இடத்துல இலையை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு மேலிருந்து கீழ அழுத்தி உருவினா புழு உள்ளேயே செத்துடும்.

பின்வளவு | ஸ்காபரோ

நன்றி அண்ணா. மருந்து அடிக்கிற வழி ஒன்றும் இல்லையோ?

மண்வெட்டி | ஹமில்டன்

ஒன்ராறியோவில் அழகுத் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பதை 2009 இல் தடை செய்துவிட்டார்கள். அமெரிக்க இணையப் பக்கங்களில் சொல்லுகிற ஊடுருவும் மருந்துகளை இங்கே தேடாதேங்கோ. கிடைக்கிற வழி நன்மை செய்யும் நூற்புழுதான், அது துளைப்பான் புழுவுக்குள் போய் அதைக் கொல்லும். தோட்டக்கடையில் குளிர்பெட்டியில் இருக்கும். திகதி பார்த்து வாங்கி, வீட்டில் வைத்திராமல் உடனே ஊற்றுங்கோ. ஜூன் மாதம், மண் சூடேறின பிறகு, பின்னேரம் வெயில் தணிஞ்சதும். ஊற்ற முன்னும் பின்னும் மண் நனைஞ்சிருக்க வேணும். காய்ஞ்ச மண்ணில் நூற்புழு நகராது. பகல் வெயிலில் ஊற்றினால் காசு மண்ணுக்குள்ளே போனதுதான் மிச்சம்.

இலை பொறுக்கிறதுதான் முதல் வேலை என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

வேர்விசாரி | ஒட்டாவா

கொடுக்கிற கிழங்கை ப்ளீச்சில் ஊற வைக்க வேணும் என்று ஒரு பகுதியினர், தேவையில்லை என்று இன்னொரு பகுதியினர். இங்கே என்ன முடிவு?

எடிசன் தோட்டம் | நியூ ஜெர்சி

வெளியில கொடுக்கிறதுக்குன்னா செய்யுங்க. வாசனை சேர்க்காத சாதா வீட்டு ப்ளீச் ஒரு பங்கு, தண்ணி ஒன்பது பங்கு. கழுவின கிழங்கைப் பத்து நிமிஷம் முக்கி எடுத்து, நிழல்ல, காத்தோட்டமா, செய்தித்தாள் மேல ஒத்தை அடுக்கா ரெண்டு மூணு நாள் காய விடுங்க. வெட்டுவாய் தோல் கட்டணும். கந்தகத்தூள் இருந்தா வெட்டுவாய்ல தடவுங்க. ஆனா ப்ளீச் மேல்தோல்ல இருக்கிற கிருமிக்குத்தான். உள்ள உட்கார்ந்திருக்கிற புழுவுக்கு அது குளியல். கண்ணால பார்க்கிற வேலைக்கு அது மாற்று இல்லை.

மண்வெட்டி | ஹமில்டன்

என் கட்சி மற்றது. ஆரோக்கியமான பத்தையில் இருந்து, வறண்ட நாளில் எடுத்து, நல்லாய்க் காயவிட்ட கிழங்குக்குக் குளிப்பாட்டல் தேவையில்லை. அழுகல் ஒரு கிழங்கிலாவது கண்ட பத்தை என்றால் முழுவதையும் முக்குங்கோ. கத்தியைத்தான் சனம் மறந்துபோகுது: ஒரு பத்தை முடிந்து அடுத்த பத்தைக்குப் போக முன் 70 சதவீத அல்ககோலால் துடையுங்கோ. அழுகல் பரவுகிற முக்கிய வழிகளில் ஒன்று அந்தக் கத்தி.

ஹரோ வாசி | லண்டன்

இங்கே பிரித்தானியாவில் அந்தத் துளைப்பான் இல்லை, அந்த மட்டில் நிம்மதி. எங்கட எதிரி ஈரக் குளிர்காலமும் நத்தையும் இலைப்புள்ளியும். புள்ளி விழுந்த இலையைப் புள்ளிக்குக் கீழே வெட்டி எறிந்துவிடுவோம்.

நான் சொல்ல வந்தது பெயர் பற்றி. ஐரிஸில் பெயர்தான் பாதிச் செடி. செட்ரிக் மொரிஸ் என்ற ஓவியர் சஃபோக்கில் பென்ரன் எண்ட் என்ற வீட்டில் 1940 இற்குப் பிறகு ஏராளமான ஐரிஸ் நாற்றுகளை வளர்த்து, சுமார் 90 வகைகளுக்குப் பெயர் வைத்தார். பல பெயர்கள் 'பென்ரன்' என்றே தொடங்கும். அவர் 1982 இல் இறந்தார். பின்னர் அந்த வகைகளில் பெரும்பகுதி கடைகளில் இல்லை. சிசிங்ஹேர்ஸ்ற் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த சாரா குக் தேடிச் சேர்த்துத் தேசியத் தொகுப்பாக்கி, 2015 இல் செல்சி மலர்க்காட்சியில் வைத்தார். எங்கோ ஒரு தோட்டத்தில் செடி உயிரோட இருந்தது என்பது மட்டும் காணாது. அது எது என்று சொல்லச் சீட்டோ கடிதமோ வரைபடமோ இருந்ததால்தான் 'பென்ரன் ஒலிவ்' மறுபடி 'பென்ரன் ஒலிவ்' ஆனது.

ஆகவே பின்வளவு, பெயர் தெரியாதென்றால் 'பெயர் தெரியாது' என்றே எழுதுங்கோ. ஊகிச்சு ஒரு பெயர் வைக்காதேங்கோ.

வேர்விசாரி | ஒட்டாவா

மேலே மஞ்சள், கீழே மண்ணிறம் என்றால் அது 'ஹொனராபில்' தானே? 1840 இல் பிரான்சில் வந்தது. கனடாவின் பழைய பண்ணை வீடுகள் எல்லாவற்றிலும் அது நிற்கும்.

ஹரோ வாசி | லண்டன்

இதைத்தான் சொன்னேன்! 'சான் சூசி' என்று இன்னொன்று 1854 இல் வந்தது, ஏறக்குறைய அதே நிறம். இரண்டும் ஒன்றின் பெயரில் மற்றது கைமாறிக்கொண்டே இருக்கு. பிந்தி வந்த மஞ்சள்–மண்ணிற வகைகள் வேறு எத்தனையோ. பதிவான வகைகள் பல பத்தாயிரம். ஒரு கைப்பேசிப் படத்தை வைத்துப் பெயர் சொல்லுகிறவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

பெயர் தேட விரும்பினால் அடுத்த ஜூனில் இவற்றைக் குறியுங்கோ: தண்டின் உயரம், தண்டில் எத்தனை கிளை எத்தனை மொட்டு, தாடியின் நிறம் நுனியிலும் தொண்டையிலும், தொங்கிதழின் தொண்டைப் பக்கத்தில் உள்ள வரிகள், மொட்டை மூடியிருக்கும் உறை பூக்கும்போது பச்சையா காய்ந்த தாள் போலவா, இலையின் அடியில் ஊதாச் சாயல் இருக்கா, வாசம், முதல் பூ விரிந்த திகதி. உறை முழுக்க வெள்ளித்தாள் மாதிரிக் காய்ந்து, திராட்சைச் சோடா வாசம் வந்தால் பல்லிடா இனத்தின் பக்கம் தேடலாம். தாள் போன்ற உறை இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். நிறத்தில் தொடங்கித் தேடுகிறவர்கள்தான் வழிதவறுவார்கள். நிறம் மண்ணுக்கும் வெயிலுக்கும் படப்பெட்டிக்கும் ஏற்ப மாறும்.

மண்வெட்டி | ஹமில்டன்

நம்ம பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க றோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸின் லேக்கிங் தோட்டம் இருக்கு, பேர்லிங்ரனில். ஜூன் முதல் பாதியில் போனால் சீட்டோட வரிசையாகப் பார்க்கலாம்.

பெயர் தெரிந்த பழைய வகை கிடைத்தால் விடாதேங்கோ. 'வாபாஷ்' 1936 இல் வந்து 1940 இல் சிறந்த ஐரிஸுக்கான டைக்ஸ் பதக்கம் வாங்கினது, வெள்ளை மேலிதழ், வெள்ளைக் கரையிட்ட ஊதாத் தொங்கிதழ். இப்பவும் எந்தப் பராமரிப்பும் இல்லாமல் பூக்குது. புது வகைகளின் சுருக்கு இதழ் கண்ணைப் பறிக்கும்தான், ஆனால் ஒரு மழைக்குத் தண்டோட சாயும். இது என் தனிப்பட்ட கருத்து, சண்டைக்கு வர வேண்டாம்.

எடிசன் தோட்டம் | நியூ ஜெர்சி

சண்டைக்கு வரேன் :) புது வகையில கிளை அதிகம், மொட்டு அதிகம், ஒரு தண்டு ரெண்டு வாரம் நிக்கும். ஆனா விலை. அறிமுகமான வருஷம் ஒரு கிழங்குக்குக் கொடுக்கிற காசுல, நாலைஞ்சு வருஷம் பொறுத்தா ஐரிஸ் கிளப் விற்பனையில ஒரு கை நிறைய வாங்கலாம்.

பெயர்ச் சீட்டுக்கு ஒரு வார்த்தை. பூ இருக்கும்போதே தண்டுல சீட்டு கட்டுங்க. ஜூலைல எல்லா இலையும் ஒண்ணுதான். தோண்டும்போது இலையிலேயே நிரந்தர மார்க்கரால பெயர் எழுதுங்க, கழுவினாலும் போகாது, சீட்டு கழண்டாலும் கவலை இல்லை. ஆனா தோட்டத்துல நடுற பிளாஸ்டிக் குச்சியில அதே மார்க்கர் ஒரு வருஷத்துல வெயில்ல வெளுத்துடும். அதுக்கு அலுமினியம் இல்லன்னா துத்தநாகத் தகட்டுல பென்சில், அதுதான் வருஷக்கணக்குல நிக்கும். இதுக்கும் மேல ஒரு தாள்ல பாத்தி வரைபடம். அணிலும் மண்வெட்டியும் சீட்டைப் பிடுங்கும், வரைபடத்தைப் பிடுங்காது.

பின்வளவு | ஸ்காபரோ

ஒரு சந்தேகம். முந்தி மஞ்சள்தான் கூட நின்றது, இப்ப ஊதாதான் கனக்க. மஞ்சள் ஊதாவாக மாறிவிட்டது என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்லுறா.

ஹரோ வாசி | லண்டன்

மாறாது. கிழங்கில் இருந்து வருகிற ஒவ்வொரு விசிறியும் தாயின் அச்சுத்தான். நடப்பது இரண்டில் ஒன்று. வேகமாகப் பெருகும் ஊதா, மெதுவாக வளரும் மஞ்சளை நெருக்கி மூடிவிட்டது. அல்லது தேனீ சேர்த்த காய் வெடித்து விதை பத்தைக்குள்ளேயே விழுந்து முளைத்தது. அந்த நாற்று தாயைப் போல இருக்காது. இரண்டாவதைத் தவிர்க்க, பூ வாடினதும் தண்டை அடியோடு வெட்டுங்கோ. இலையை வெட்ட வேண்டாம், அடுத்த வருசப் பூவுக்கு அதுதான் சமையலறை. பெயரோட கொடுக்கிற பத்தையில் காய் விடுவது பெரிய பிழை, பெயருக்குள் வேறு செடி புகுந்துவிடும்.

வேர்விசாரி | ஒட்டாவா

இனி நடுகை. கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேணும் என்றும், இங்கத்தைய குளிருக்கு மூட வேணும் என்றும் இரண்டு விதமாய்ச் சொல்லுகினம்.

மண்வெட்டி | ஹமில்டன்

மண்ணைப் பொறுத்தது. களிமண்ணில் முதுகு தெரியட்டும். மணல் மண்ணில், அல்லது கடுங்கோடை உள்ள இடத்தில் இரண்டு சென்ரிமீற்றர் மண் மூடலாம். அதுக்கு மேல் மூடினால் இலை செழிக்கும், பூ வராது. குளிர் தாடி ஐரிஸைக் கொல்லாது, தேங்கின தண்ணிதான் கொல்லும். ஸ்காபரோக் களிமண் என்றால் 15–20 சென்ரிமீற்றர் உயர மேட்டுப் பாத்தி போடுங்கோ. வெறும் மணலைக் களிமண்ணில் கலந்தால் கட்டியாய் இறுகிவிடும், கம்போஸ்ட் கலந்து இளக்குங்கோ.

குழியின் நடுவில் சின்ன வரம்பு மாதிரி மண்ணைக் குவித்து, கிழங்கை அதன்மேல் குந்த வைத்து, வேரை இரண்டு பக்கமும் இறக்கி மண்ணை இறுக்குங்கோ. கிழங்கின் கீழே வெற்றிடம் இருக்கக் கூடாது. இலை வடக்கே, கிழங்கின் முதுகு தெற்கே இருந்தால் வெயில் விழும். உயர வகைக்கு 40–50 சென்ரிமீற்றர் இடைவெளி. மூன்று கிழங்கை முக்கோணமாக நடுவதென்றால் இலை முனை வெளிப்பக்கம் பார்க்க வேணும், வளர்ச்சி இலை முனைப் பக்கம்தான் ஓடும். உள்ளே பார்க்க நட்டால் இரண்டு வருசத்தில் ஒன்றோடொன்று முட்டும்.

நட்ட அன்று ஆழமாகத் தண்ணி. பிறகு மேல்மண் காய்ஞ்ச பிறகுதான். நடு இலை புதுசாய் நீளத் தொடங்கினால் வேர் பிடிச்சிட்டுது, அதோட ஹோஸைச் சுருட்டி வையுங்கோ. மரப்பட்டை மூடாக்கு கிழங்கின் மேல் வேண்டவே வேண்டாம்.

உரம்: தழைச்சத்துக் குறைந்தது, 5–10–10 (தழை, மணி, சாம்பல் சத்து) மாதிரி, பத்தைக்கு ஒரு கைப்பிடி, கிழங்கில் படாமல் சுற்றிவர. இலை தலைகாட்டும்போது ஒருமுறை, பூ முடிந்து ஒரு மாதத்தில் ஒருமுறை. புல்தரைக்குப் போடுகிற உரமும் மக்காத எருவும் கிட்ட வரக்கூடாது. மெத்தென்ற இலை, பூவில்லாச் செடி, அதுக்குப் பிறகு அழுகல், இந்த வரிசையில்தான் நடக்கும்.

பூக்கவில்லை என்றால் முதலில் வெயிலைப் பாருங்கோ, ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவா? பிறகு ஆழம், பிறகு நெருக்கம், பிறகு உரம். பிரித்து நட்ட முதல் வருசம் பூக்காமல் விடுவது வழமை, அதைக் குறையாக எடுக்க வேண்டாம்.

மடிப்பாக்கம் மாடி | சென்னை

படிக்கவே ஆசையா இருக்கு. டொராண்டோல இருந்து அக்கா ஆகஸ்ட்ல வராங்க. ரெண்டு கிழங்கு பெட்டியில போட்டுக் கொண்டு வரச் சொல்லலாமா? மாடியில தொட்டியில வெக்கலாம்னு இருக்கேன்.

எடிசன் தோட்டம் | நியூ ஜெர்சி

வேண்டாங்க, ரெண்டு காரணம். ஒண்ணு சட்டம்: 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இந்தியாவுக்குள்ள செடி, கிழங்கு எது வந்தாலும் இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டோட தாவரச் சுகாதாரச் சான்றும் வேணும். விமான நிலையத்துல பிடுங்கிடுவாங்க, பிடுங்கறதும் நியாயம். ரெண்டாவது, தாடி ஐரிஸ் பூ எடுக்கக் குளிர்காலக் குளிர் வேணும். சென்னையில இலை கொஞ்ச நாள் நிக்கும், வடகிழக்குப் பருவமழையில கிழங்கு அழுகும்.

மாடிக்கு அதே குடும்பத்துல வேற இருக்கு. ஆப்பிரிக்க ஐரிஸ்னு நர்சரில விக்கிற டயட்டிஸ், வெயில்லயும் வறட்சியிலயும் நிக்கும், வெள்ளைப் பூ ஒரு நாள்தான், ஆனா அலையலையா வரும். அரை நிழல்னா நடக்கும் ஐரிஸ், அதாவது நியோமரிக்கா. பூத்த தண்டு நுனியில குட்டி வந்து சாயும், அந்தக் குட்டியைப் பக்கத்துத் தொட்டி மண்ணுல அழுத்தி வெச்சா வேர் விடும், அப்புறம் வெட்டிக் கொடுக்கலாம். பகிர அதைவிட எளிசான செடி இல்லை. மூணாவது, ஆரஞ்சுப் பூவுல சிவப்புப் புள்ளி போட்ட ஐரிஸ் டொமஸ்டிகா. விதையில வரும், காய் வெடிச்சா கருப்பு மணி வரிசையா ஒட்டிக்கிட்டு நிக்கும்.

கோத்தகிரி | நீலகிரி

இங்க ராத்திரிக் குளிர் இருக்கு, ஆனா தாடி வகைக்கு மழைதான் பிரச்சனை. கூரை ஓரத்துல, மழை நேரடியா விழாத உயரமான பாத்தியில, சரளை கலந்து வெச்சா சிலது பூக்கும். ஈரத்தைத் தாங்குற சைபீரிய வகை இதைவிடப் பொருத்தமா தோணுது. அதையும் இதே மாதிரி காய வெச்சுக் கொடுக்கலாமா?

வேர்விசாரி | ஒட்டாவா

நல்ல கேள்வி, இங்கேதான் கன பேர் பிழை விடுகினம். சைபீரிய ஐரிஸைக் காய விடவே கூடாது. அதன் கிழங்கு மெல்லிசு, சேமிப்பு இல்லை, வேர் காய்ந்தால் செடி முடிந்தது. தோண்டினதும் வாளித் தண்ணியில் வையுங்கோ. மூன்று நாலு விசிறி சேர்ந்த துண்டாகப் பிரியுங்கோ, தனி விசிறியாய் உடைத்தால் கனகாலம் திணறும். கொடுக்கும்போது வேரை ஈரத்தாளில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட வேணும். தாடி வகைக்குப் பிளாஸ்டிக் பை யமன், இதுக்கு அதுதான் உயிர்.

நடுகை ஆழம் மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றர், மூடாக்கு நல்லது, மண் சற்றுப் புளிப்பு. பிரிக்கிற காலம் இளவேனிலில் முளை விடும்போது, இல்லாவிட்டால் ஆகஸ்ட் கடைசி–செப்டெம்பர் தொடக்கம். தொடங்குகிறவர்களுக்கு 'சீசர்ஸ் பிரதர்' நல்லது, 1932 தொடக்கம் இருக்கிற கருநீலம், கிட்டத்தட்டச் சாகாது. துளைப்பான் இதிலும் வரும், தாடி வகை அளவுக்கு இல்லை.

ஜப்பானிய ஐரிஸ் இன்னும் செல்லம். சுண்ணாம்பு மண் ஒத்துவராது, எலும்புத் தூள் போடாதேங்கோ. புது வேர் பழைய வேருக்கு மேலே மேலே வருவதால் மூன்று வருசத்துக்கு ஒருமுறை எடுத்து ஆழமாக நடாவிட்டால் தன்னைத்தானே மண்ணுக்கு மேலே தூக்கிக் காய்ந்துவிடும்.

குளக்கரைக்கு மஞ்சள் கொடி ஐரிஸ் தாறன் என்று யாரும் வந்தால் வாங்காதேங்கோ, கொடுக்காதேங்கோ. ஓடைகளில் இறங்கி உள்ளூர்ச் செடிகளை மூடுகிற ஆக்கிரமிப்புச் செடி அது. நீலம் வேணுமென்றால் வெர்சிகலர், இந்த மண்ணின் சொந்த ஐரிஸ். 1999 முதல் கியூபெக்கின் அடையாளப் பூவும் அதுதான்.

பின்வளவு | ஸ்காபரோ

இன்றைக்கு ஓரத்தில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். புழு இல்லை, ஆனால் இரண்டு கிழங்கு களிபோல, நாற்றம் தாங்க ஏலாது. பத்தையே போச்சோ?

மண்வெட்டி | ஹமில்டன்

அது மென்னழுகல், பக்ரீரியா வேலை. நாற்றம்தான் அடையாளம். காயம் இல்லாமல் அது உள்ளே போகாது; புழு ஓட்டை, மண்வெட்டிக் காயம், உறைபனி வெடிப்பு, ஏதோ ஒன்று வாசல் திறந்திருக்கும். துளைப்பான் போன பிறகு அழுகல் மட்டும் மிஞ்சுவதும் உண்டு, அதனால் குழி மண்ணில் கூடு தேடுங்கோ.

முழுக் களியானதைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கோ. பாதி நல்லதென்றால் பழைய கரண்டியால் வெள்ளையான இறுக்கமான சதை வரும்வரை சுரண்டி, ஒன்றுக்கு ஒன்பது ப்ளீச் தண்ணி ஊற்றி, வெட்டுவாய் வெயிலில் ஒரு நாள் காயட்டும். கொடுக்கிற பட்டியலில் அந்தப் பத்தையின் கிழங்கு ஒன்றும் இந்த வருசம் வேண்டாம். பார்க்க நல்லாய் இருந்தாலும் வேண்டாம். அடுத்த ஜூனில் சுத்தமாக நின்றால் பிறகு கொடுக்கலாம். மற்றப் பத்தை இருக்குத்தானே, அதிலிருந்து எடுங்கோ.

எடிசன் தோட்டம் | நியூ ஜெர்சி

ஆமா. பத்து கிழங்கு சந்தேகத்தோட கொடுக்கிறதைவிட மூணு சுத்தமா கொடுக்கிறது மேல்.

தபால்ல அனுப்புறவங்களுக்கு: நாட்டுக்குள்ளன்னா அட்டைப்பெட்டி, பக்கத்துல காத்துத் துளை, ஒவ்வொரு கிழங்கையும் காய்ஞ்ச தாள்ல தனியா சுத்தி, ஆடாம வெச்சு, திங்கட்கிழமை அனுப்புங்க, வாரக்கடைசில கிடங்குல வேகாது. அமெரிக்கா–கனடா எல்லையைத் தாண்டணும்னா சான்றிதழ் இல்லாம அனுப்பாதீங்க, மண் ஒட்டியிருந்தா அதுவும் மறுப்புத்தான். கிளப் வழியா வர்றதே உத்தமம்.

இன்னொண்ணு, நம்ம வீடுகளுக்கு முக்கியம். இந்தக் கிழங்கு பார்க்க இஞ்சி மாதிரியே இருக்கும். சாப்பிட்டா வாந்தி, வயித்துப்போக்கு. பையில 'சாப்பிடக் கூடாது'ன்னு பெருசா எழுதுங்க, சமையலறைக்குள்ள கொண்டு போகாதீங்க. செடிச் சாறு பட்டா சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போடுங்க. நாய், பூனைக்கும் ஆகாது.

ஹரோ வாசி | லண்டன்

சீட்டில் என்ன எழுதுவது என்றும் சொல்லிவிடுவோம், இல்லாவிட்டால் 'ஊதா ஐரிஸ்' என்று மட்டும் எழுதிக்கொண்டு போவீர்கள். பெயர் அல்லது 'பெயர் தெரியாது', உயரம், நிறம், தாடி நிறத்தோட, எந்த மாதத்தின் எந்தப் பாதியில் பூக்கும், வாசம், எந்தத் தோட்டத்தில் இருந்து, எந்த ஆண்டு. கடைசி இரண்டும் முக்கியம், பின்னால் யாராவது தேடினால் திரும்பி வருவதற்கு வழி அதுதான். மறுபூ வகை என்றால் அதையும் எழுதுங்கோ. கனடாக்காரரான லொயிட் சர்பிரிக் 1982 இல் கொண்டுவந்த 'இம்மோர்ட்டாலிட்டி' என்ற வெள்ளை ரொறன்ரோப் பக்கத்தில் உறைபனிக்கு முன் இரண்டாம் தரம் பூக்கக்கூடியது, ஆனால் கோடையில் தண்ணியும் சற்று உரமும் கொடுத்தால்தான். வாங்கிறவருக்கு அது தெரியாவிட்டால் சாதாரணச் செடியாகவே நிற்கும்.

பின்வளவு | ஸ்காபரோ

எல்லாருக்கும் நன்றி. மஞ்சள் பத்தையை இந்த ஜூலைக் கடைசியில் எடுக்கப் போறன், சந்திப்பு ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை. அதுவரைக்கும் கிழங்கை எங்கே வைக்கிறது? கராஜ் சரியோ, நட்டு வைத்துத் திரும்பப் பிடுங்க வேணுமோ?

மண்வெட்டி | ஹமில்டன்

நட்டுப் பிடுங்காதேங்கோ, விட்ட புதுவேர் எல்லாம் அறுபடும். கராஜ் நல்லது, கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ. அட்டைத் தட்டில் ஒற்றை அடுக்கு, ஒன்றில் ஒன்று முட்டாமல், வெயில் படாமல். மூன்று கிழமை தாராளமாய்த் தாங்கும். தண்ணி தெளிக்க வேண்டாம். இலை நுனி மஞ்சளாகும், தோல் கொஞ்சம் சுருங்கும், இரண்டும் பரவாயில்லை. கொண்டுபோற அன்று காலமை ஒவ்வொன்றாய் அடியில் பெருவிரலால் அமத்திப் பாருங்கோ. மெத்தென்று தாழ்ந்தால் அது மேசைக்கு வரக்கூடாது. மற்றவையைச் சீட்டோட கடதாசிப் பையில் போட்டு வையுங்கோ, பையின் வாயை மட்டும் மடிக்காதேங்கோ.